வெடக்கோழி முட்டைக்கு வருது: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். குஞ்சா வாங்கி வளர்த்த கோழிங்க இப்ப வெடக்கோழியா நிக்குது, முட்டை வரலன்னு சிலருக்கு கவலை, வந்த முட்டை ஒரு மாதிரியா இருக்குன்னு சிலருக்கு பயம். அதனால மத்த கேள்விய அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு முழுசா இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, என்கிட்ட நாலு வெடக்கோழி இருக்கு. அஞ்சு மாசம் முடிஞ்சு ஆறாவது மாசம் ஓடுது, ஒண்ணுகூட இன்னும் முட்டை வைக்கல. தீவனம் மட்டும் நல்லா சாப்பிடுது. ஏதாவது குறை இருக்குமா?

குறையெல்லாம் ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. முதல்ல உங்க கோழி என்ன ரகம்னு பாருங்க. முட்டைக்குன்னே உருவாக்குன ஹைபிரிட் ரகம்னா 18லேர்ந்து 20 வாரத்துல ஆரம்பிச்சிடும், உடம்பு கனமான ரகமும் நிறைய நாட்டு ரகமும் 24 வாரம் எடுத்துக்கும், சிலது 28 வாரம் தாண்டியும் போகும், அதுக்கு மேலயும் பொறுமையா வர்ற கோழி இருக்கு. ஒரே நாள்ல பொரிஞ்ச குஞ்சுங்ககூட ஒரே வாரத்துல முட்டைக்கு வராது.

இன்னொரு காரணம் வெளிச்சம். பகல் நீளமாகிட்டே போற காலத்துல வளர்ந்த வெடக்கோழி சீக்கிரம் முட்டைக்கு வரும், பகல் குறைஞ்சிட்டே போற காலத்துல வளர்ந்ததுன்னா தள்ளிப்போகும், ஏன்னா கண்ணு வழியா மட்டும் இல்ல, மண்டை ஓட்டு வழியாவும் வெளிச்சம் மூளைக்குப் போய்தான் முட்டைக்கான ஹார்மோன கிளப்பி விடுது. அதனால வயசு மட்டும் பாத்து கணக்கு போடாதீங்க.

வயசவிட உடம்ப பாருங்க. கொண்டையும் தாடியும் வெளிறின ரோஸ் கலர்ல சின்னதா இருந்துச்சுன்னா இன்னும் நேரம் இருக்குன்னு அர்த்தம், நல்லா தடிச்சு ரத்தச் சிவப்பா மாறிடுச்சுன்னா நெருங்கிடுச்சு. இன்னும் உறுதியா தெரியணும்னா சாயங்காலம் கூண்டுல அடைஞ்சதுக்கு அப்புறம் கோழிய அக்குள்ல இடுக்கி புடிச்சுக்கிட்டு பின்பக்கம் முட்டை வர்ற துவாரத்துக்கு ரெண்டு பக்கமும் தடவிப் பாருங்க, இடுப்பு எலும்போட முனை ரெண்டு கூர்மையா கைல படும். அதுக்கு நடுவுல ஒரு விரல்கூட சரியா நுழையலன்னா முட்டைக்கு இன்னும் பல வாரம் இருக்கு. ரெண்டு விரல் தாராளமா போச்சுன்னா ரொம்ப பக்கத்துல வந்தாச்சு, முட்டை வச்சிட்டிருக்கிற கோழிக்கு மூணு விரல்கூட போகும். துவாரமும் அப்படித்தான், முன்னாடி சுருங்கி வறண்டு வட்டமா இருந்தது முட்டைக்கு வர்றப்ப அகலமா ஈரமா வெளிறிப் போயிருக்கும். ஒரு தடவை நாலையும் தடவிப் பாத்தீங்கன்னா எது முந்தும் எது பிந்தும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

நல்லா சாப்பிடுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுவே ஒரு நல்ல அடையாளம்தான். முட்டைக்கு முன்னாடி தீனி கூடும், குறைக்காதீங்க.

கேள்வி: கைய முதுகுகிட்ட கொண்டு போனா கோழி ஓடாம அப்படியே தரையோட பதுங்கி றெக்கைய லேசா விரிக்குது. கால்ல ஏதும் நோயா?

நோய் இல்ல. சேவல் அணையறதுக்கு கோழி இப்படித்தான் பதுங்கும், சேவலே இல்லாத வீட்ல உங்க கையப் பாத்தும் பதுங்கும். பெரும்பாலும் இது தொடங்கி ஒண்ணு ரெண்டு வாரத்துல முட்டை வந்துடும். முட்டைப் பெட்டி இன்னும் வைக்கலன்னா இன்னைக்கே வச்சிடுங்க.

கேள்வி: சேவல் இல்லாம கோழி முட்டை வைக்குமா? பக்கத்து வீட்ல சேவல் கட்டாயம் வேணும்னு சொல்றாங்க.

வைக்கும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேணும், முட்டைக்கு வேண்டாம். சேவல் இருந்தா முட்டை கூடும்னு சொல்றதும் சரி கிடையாது.

கேள்வி: முதல் முட்டை கோலிக்குண்டவிட கொஞ்சம்தான் பெருசா இருந்துச்சு, உடைச்சா மஞ்சக்கருவே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு அதே கோழி பெரிய முட்டை ஒண்ணு வச்சுச்சு, அதுல மஞ்சக்கரு ரெண்டு. அதுக்கப்புறம் ஒண்ணு ஓடே சுருக்கம் விழுந்து வந்துச்சு. இத சாப்பிடலாமா, கோழிக்கு உள்ள ஏதாவது பிரச்சனையா?

சாப்பிடலாம் தங்கச்சி, ஓடு உடையாம சுத்தமா இருந்தா மூணுமே சாப்பிடலாம். பிரச்சனையும் இல்ல. ஆனா ஏன் இப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டீங்கன்னா அடுத்த தடவை பயமே வராது, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

கோழிக்கு இடது பக்க சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். அதுல மஞ்சக்கரு ஒண்ணொண்ணா பெருசாகி, முத்துனது கழண்டு குழாய்க்குள்ள விழும். விழுந்த இடத்துல ஒரு கால் மணி நேரத்துக்கு மேல இருக்காது, சேவல் அணைஞ்சிருந்தா கரு கூடறது அந்த நேரத்துலதான். அடுத்து கிட்டத்தட்ட 3 மணி நேரம் வெள்ளக்கரு சுத்தும், அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல உள்தோல் சுத்தும், கடைசியா ஓடு பூசுற பைல 20 மணி நேரம் போல கெடக்கும், கலர் முட்டைன்னா அந்த பழுப்பு நிறமும் கடைசி சில மணி நேரத்துலதான் அதிகமா ஏறும். மொத்தமா 25 மணி நேரம்னு வச்சுக்கங்க.

இது இத்தனையும் வரிசை மாறாம நடந்தாத்தான் நாம பாக்குற முட்டை வரும். வெடக்கோழிக்கு இந்த வேலையே புதுசு. மஞ்சக்கரு கழலாமலே உள்ள ஏதோ ஒரு சின்ன துணுக்கு குழாய்ல நுழைஞ்சாலும் உடம்பு அத மஞ்சக்கருன்னு நினைச்சு வெள்ளக்கரு சுத்தி ஓடு பூசி அனுப்பிடும், அதுதான் உங்க குட்டி முட்டை. ரெண்டு மஞ்சக்கரு அடுத்தடுத்து கழண்டு விழுந்தா ரெண்டும் ஒரே ஓட்டுக்குள்ள மாட்டிக்கும். ஓடு பூசுறப்ப கோழி மிரண்டுச்சுன்னாலோ பின்னாடி இன்னொரு முட்டை வந்து நெருக்குனாலோ சுருக்கம், வரி, மணல் மாதிரி புள்ளியெல்லாம் விழும். எல்லாம் சில வாரத்துல சீராகிடும், அளவும் மெல்ல மெல்ல கூடிக்கிட்டே போகும். இந்த ஆரம்ப நாள்ல வர்ற முட்டைய வச்சு கோழி நல்லதா கெட்டதான்னு முடிவு பண்றது தப்புன்னு நான் அழுத்திச் சொல்வேன், ஏன்னா நல்லா வரப்போற கோழிய இந்த ஒரு காரணத்துக்காக வித்துடறவங்க இருக்காங்க.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. எல்லா கோழியும் ஒரே சமயத்துல சுருக்க முட்டை வச்சு, கூடவே தும்மல், மூக்கு ஒழுகல், மூச்சுல கரகர சத்தம்னு இருந்துச்சுன்னா அது பழகாத உடம்போட கோளாறு இல்ல, தொத்து நோயா இருக்கலாம். உடனே கால்நடை டாக்டர பாருங்க.

கேள்வி: காலைல பெட்டிய பாத்தா ஓடே இல்லாம பலூன்ல தண்ணி ஊத்துன மாதிரி ஒரு முட்டை. தோல்முட்டைன்னு அம்மா சொன்னாங்க. கால்சியம் குறைவா? முட்டைக்கோழிக்குன்னு விக்கிற லேயர் தீவனத்த சின்னதுலேர்ந்தே குடுத்திருக்கணுமா?

முதல் கேள்விக்கு, ஒண்ணு ரெண்டு தோல்முட்டைன்னா விட்டுடுங்க, ஓடு பூசுற பை இன்னும் பழகல, இல்ல ராத்திரில நாயோ பூனையோ மிரட்டி முட்டை பாதியில வெளிய வந்திருக்கும். தொடர்ந்து வந்தாத்தான் பாக்கணும்.

ரெண்டாவதுக்கு, கூடவே கூடாது. இதுதான் நிறைய பேர் ஆர்வத்துல பண்ணிடறது. லேயர் தீவனத்துல 3.5லேர்ந்து 4 சதவீதம் வரைக்கும் கால்சியம் இருக்கும், வளர்ற கோழிக்கான தீவனத்துல 1 சதவீதம் போலத்தான் இருக்கும். முட்டை வைக்காத சின்னக் கோழிக்கு அவ்வளவு கால்சியத்த மாசக்கணக்கா குடுத்தா வேண்டாதத வெளியேத்தறதுக்கு கிட்னி கெடந்து பாடுபடும், அங்கயே கெட்டுப்போகும், அது பின்னாடி சரியாகாது. முதல் முட்டை வந்ததும் மாத்துங்க, இல்ல கொண்டை சிவந்து பதுங்க ஆரம்பிச்சதும் பழைய தீவனத்தோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஒரு வாரத்துல மாத்துங்க, அது போதும்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, எனக்கு கோழி மேல மரியாதை வந்ததே இதனாலதான். ஒரு முட்டை ஓட்டுல 2 கிராம் போல கால்சியம் இருக்கு. ஓடு பூசுறது பெரும்பாலும் ராத்திரில, அப்ப கோழி ஒண்ணும் சாப்பிடாது, தூங்குது. அப்ப எங்கேர்ந்து எடுக்கும்? எலும்புலேர்ந்து. முதல் முட்டைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தொடை எலும்பு மாதிரி பெரிய எலும்புக்குள்ள தனியா ஒரு கால்சியம் சேமிப்ப உடம்பு கட்டி வச்சுக்கும், தீனில வர்றது பத்தாத நேரம் அதுலேர்ந்து எடுத்து ஓடு பூசும், பகல்ல சாப்பிட்டு திரும்ப ரொப்பும். நாம ரொப்ப குடுக்கலன்னா முட்டை வந்துக்கிட்டேதான் இருக்கும், எலும்புதான் கரையும். முட்டை நல்லா வருதேன்னு நாம சந்தோஷமா இருப்போம், கோழி கால் தாங்காம சரிஞ்சு உக்காந்துடும்.

அதனால லேயர் தீவனத்தோட சேர்த்து கிளிஞ்சல தூளாக்காம பொடிசா உடைச்சு தனி கிண்ணத்துல வைங்க. தீவனத்துல கலக்க வேணாம், எது எவ்வளவு வேணும்னு கோழிக்கே தெரியும், முட்டை வைக்கிறது போய் கொத்தும், வைக்காதது கிட்டயே போகாது. தூளவிட துண்டு நல்லது, இரைப்பைல தங்கி ராத்திரி முழுக்க மெதுவா கரையும். வீட்டு முட்டை ஓட்டையும் குடுக்கலாம், ஆனா நல்லா காயவச்சு சூடு காட்டி ஓடுன்னே அடையாளம் தெரியாத மாதிரி நொறுக்கிக் குடுங்க, முழுசா போட்டா முட்டைய கொத்திக் குடிக்கிற பழக்கத்துக்கு நாமளே வழி காட்டுன மாதிரி ஆயிடும்.

தானியத்தையும் சாப்பாட்டு மிச்சத்தையும் குறைச்சுக்கங்க, அதுலயே வயிறு ரொம்பிடுச்சுன்னா லேயர் தீவனத்துல இருக்கிற சத்து உள்ளயே போகாது. தண்ணிய மறக்காதீங்க. முட்டைல முக்கால் பங்கு தண்ணிதான், ஒரு நாள் வெயில்ல தண்ணி இல்லாம நின்னாகூட பல நாள் முட்டை நின்னுபோகும்.

கேள்வி: திங்கக்கிழமை காலைல 8 மணிக்கு வச்சுச்சு, செவ்வாய்க்கிழமை 9 மணிக்கு மேல, புதன் மத்தியானம், வியாழன் ஒண்ணும் இல்ல. உடம்பு சரியில்லையா?

மேல சொன்ன 25 மணி நேரத்த இங்க போட்டுப் பாருங்க, உங்களுக்கே விடை கெடைக்கும். ஒரு முட்டை முழுசாக ஒரு நாளுக்கு கொஞ்சம் மேல ஆகுது, அதனால தினம் நேரம் தள்ளிக்கிட்டே போகும், ரொம்ப தள்ளிப் போனதும் அன்னிக்கு மஞ்சக்கரு கழலாது, ஒரு நாள் லீவு, மறுபடி காலைலேர்ந்து ஆரம்பிக்கும். பொதுவா கோழி வருஷம் 365 முட்டை வைக்காததுக்கு இது ஒரு காரணம். ஆரம்பத்துல ரெண்டு மூணு நாள்கூட நடுவுல விட்டு விட்டு வரும்.

கேள்வி: நானே பலகை வாங்கி அழகா பெட்டி செஞ்சு வச்சேன், ஆனா செடிக்குள்ள, விறகுக்கு அடியில, எங்கெங்கயோ போய் முட்டை வைக்குது. தினம் தேடறதே வேலையா போச்சு.

பெட்டி அழகா இருக்கறது கோழிக்கு முக்கியம் இல்ல தம்பி, இருட்டா மறைவா இருக்கணும். உங்க செடியும் விறகும் அப்படித்தானே இருக்கு. பெட்டி 30 செ.மீ. நீளம், அகலம், உயரம் இருந்தா போதும், 4 கோழிக்கு ஒண்ணு வைங்க, வாய்ப்பக்கம் ஒரு துணியோ சாக்கோ பாதி தொங்கவிடுங்க, உள்ள உமியோ வைக்கோலோ கை அழுந்தற அளவுக்கு போடுங்க. பெட்டி, கோழி ராத்திரி அடையற கம்பவிட தாழ்வா இருக்கணும், உயரமா இருந்தா அதுலயே ஏறித் தூங்கி எச்சம் போட்டு வைக்கும். அதையும் மீறித் தூங்குச்சுன்னா கொஞ்ச நாள் பொழுது சாயறப்ப பெட்டி வாய அடைச்சுட்டு இருட்டுனதும் திறந்து விடுங்க.

அப்புறம் மரத்துலயோ பீங்கான்லயோ செஞ்ச பொய் முட்டை ஒண்ணு பெட்டில போட்டு வைங்க. ஏற்கனவே முட்டை இருக்கிற இடம் பத்திரமான இடம்னு கோழி எடுத்துக்கும். பெரும்பாலான முட்டை மத்தியானத்துக்குள்ள வந்துடும், அதனால ஒரு வாரம் பத்து நாளைக்கு முட்டை வைக்கிற வரைக்கும் கூண்டுலயே வச்சிருந்து அப்புறம் வெளிய விடுங்க. முதல் சில முட்டைய எங்க வைக்குதோ அதுதான் பழகும், அதனால இந்த பத்து நாள் சிரமம் வீண் போகாது. பெட்டிலேர்ந்து முட்டைய சீக்கிரம் எடுத்துடுங்க, கெடந்து மிதிபட்டு உடைஞ்சா ருசி பாக்கும், ருசி பாத்த கோழிய திருத்தறது கஷ்டம்.

செடிக்குள்ள திடீர்னு ஒரு குவியல் முட்டை கெடைச்சா எப்ப வச்சதுன்னு தெரியாது, தண்ணில போட்டுப் பாருங்க, படுத்து மூழ்குனா புதுசு, செங்குத்தா நின்னா பழசு, மிதந்தா வேண்டாம்.

கேள்வி: முட்டை ஓட்டு மேல ரத்தக் கோடு இருக்கு. கோழி முக்கற மாதிரியும் தெரியுது. என்ன பண்றது?

இத ரெண்டா பிரிச்சு பாக்கணும். ஓட்டு மேல லேசா ரத்தக் கோடு மட்டும்னா, முதல் முறை பாதை விரியறப்ப சின்ன ரத்தக்குழாய் கிழிஞ்சு வர்றது, சில முட்டையோட நின்னுடும். நிக்காம வந்துக்கிட்டே இருந்தா, இல்ல கோழியோட பின்பக்கமே ரத்தமா இருந்தா, மத்த கோழி கொத்துதான்னு பாருங்க.

முக்கறதுன்னு எழுதுனீங்களே, அத விடாதீங்க. முட்டை வைக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிலைகொள்ளாம பெட்டிக்கு உள்ளயும் வெளியயும் போய்ட்டு வர்றது இயல்பு. ஆனா வால தொங்கப் போட்டு, உடம்ப நிமிர்த்தி நின்னு, இறக உப்ப வச்சுக்கிட்டு, தீனி எடுக்காம திரும்பத் திரும்ப முக்குனா முட்டை உள்ள மாட்டியிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணில வயிறு முங்கற மாதிரி 15, 20 நிமிஷம் உக்கார வைங்க, ஈரத்த துடைச்சு, இருட்டான கதகதப்பான இடத்துல தனியா விடுங்க. வயித்த அமுக்கி வெளிய எடுக்க பாக்காதீங்க, முட்டை உள்ள உடைஞ்சா ஆபத்து. சில மணி நேரத்துல வரலன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடும்.

துவாரத்துலேர்ந்து செவப்பா சதை வெளிய தள்ளி நின்னுச்சுன்னா வேற எதுவும் யோசிக்காம முதல்ல தனியா பிரிங்க, செவப்பு பாத்தா மத்த கோழி கொத்திக் கொன்னுடும். உப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணில சுத்தம் பண்ணி டாக்டருக்கு காட்டுங்க.

கேள்வி: கூண்டுல ராத்திரியும் லைட் போட்டா முட்டை கூடும்னு சொல்றாங்களே?

முட்டை வச்சிட்டிருக்கிற பெரிய கோழிக்கு பகலும் லைட்டும் சேர்த்து 14லேர்ந்து 16 மணி நேரம் வெளிச்சம் இருந்தா முட்டை குறையாது, அது உண்மை. வெடக்கோழிக்கு பண்ணாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். உடம்பு முழுசா வளராம, இடுப்பு விரியாம இருக்கிறப்ப வெளிச்சத்த கூட்டி அவசரமா முட்டைக்கு கொண்டு வந்தா சின்ன முட்டையா வரும், இப்ப சொன்னேனே சதை வெளிய தள்றது, அதுவும் வரும். ரெண்டு மூணு வாரம் முன்னாடி கெடைக்கிற முட்டைக்காக கோழியையே இழக்கணுமா? அதுவும் ராத்திரி முழுக்க எரிய விடறது எந்த வயசு கோழிக்கும் நல்லது இல்ல, தூக்கம் அதுக்கும் வேணும்.

கேள்வி: முட்டைய உடைச்சா மஞ்சக்கருல ஒரு ரத்தப் புள்ளி இருந்துச்சு. பேரப்பிள்ளைங்களுக்கு குடுக்க யோசனையா இருக்கு. முட்டைய கழுவி வைக்கலாமா?

ஐயா, ரத்தப் புள்ளி மஞ்சக்கரு கழலறப்ப சின்ன ரத்தக்குழாய் உடைஞ்சதுனால வர்றது, கரு உருவாகிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கரண்டியால எடுத்துட்டு நல்லா வேகவச்சு தாராளமா குடுங்க.

கழுவ வேணாம். கோழி முட்டை வைக்கிற அந்த நிமிஷம் பக்கத்துல இருந்தீங்கன்னா பாருங்க, முட்டை ஈரமா பளபளன்னு வந்து விழும், கையில எடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கிறப்பவே அந்த ஈரம் காஞ்சு மங்கிடும். அந்தப் பூச்சுதான் ஓட்டுல இருக்கிற ஆயிரக்கணக்கான துளைய அடைச்சு கிருமி போகாம காக்குது, கழுவுனா அது போயிடும். லேசா அழுக்கு இருந்தா காஞ்ச துணியால துடைச்சுக்கங்க. கழுவியே ஆகணும்னா முட்டையவிட கொஞ்சம் சூடான தண்ணில கழுவி உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சு சீக்கிரம் தீத்துடுங்க. பச்சத் தண்ணில கழுவுனா உள்ள இருக்கிறது சுருங்கி வெளில இருக்கிற அழுக்க துளை வழியா உள்ள இழுத்துக்கும்.

கேள்வி: முதல் முட்டைங்கள சேத்து வச்சு அடை வைக்கலாமா? சேவலும் இருக்கு.

கொஞ்சம் பொறுங்க. சின்ன முட்டைலேர்ந்து சின்ன குஞ்சுதான் வரும், பொரிக்காம போறதும் அதிகம். முட்டை அளவு ஒரே சீரா வர்ற வரைக்கும், ஒரு ரெண்டு மாசம்னு வச்சுக்கங்க, சாப்பாட்டுக்கு எடுத்துக்கங்க. அப்புறம் கோழி தானா அடைக்கு உக்காந்துச்சுன்னா அளவான, விரிசல் இல்லாத, கழுவாத முட்டையா பொறுக்கி, ஒரு வாரத்துக்குள்ள வச்சதா பாத்து, எல்லாத்தையும் ஒரே நாள்ல சாயங்காலம் இருட்டுனதுக்கு அப்புறம் அடியில வைங்க, அப்பத்தான் 21 நாள் கணக்குல எல்லாம் சேர்ந்து பொரியும்.